ஒரு நாளைக்கு மூன்று படி

"அம்மை, எனக்கு விடை கொடுங்க. நான் கிளம்புறேன்."

காலையிலேயே பையும் கையுமாக வந்து நின்றார் சங்கரபாண்டி. வயது ஐம்பத்தெட்டு. மடத்துக்கு வந்து பதினாறு நாள்தான் ஆகிறது. கடைசி மூச்சுவரை இங்கேதான் கிடப்பேன் என்று வந்த அன்று சத்தியம் செய்தவர்.

செண்பகத்தம்மை சிரிக்கவில்லை. மடத்துக்கு அவர்தான் குரு. சீடரைவிட இருபது வயது இளையவர்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"நடைகிணத்துல இருந்து ஏதோ ஏறி வருது."

அந்த மடத்துக் கிணற்றில் தண்ணீரை இறைப்பதில்லை, படியிறங்கிப் போய் மொண்டு வருவார்கள். பூசைத் தண்ணீர் எடுப்பவர் திரும்பும்போது படிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏற வேண்டும். தண்ணீரிலிருந்து மேல்வரை முப்பத்தாறு படி. முப்பத்தாறாவது படியை ஒட்டித்தான் சங்கரபாண்டியின் அறை.

"என்னத்தைப் பாத்தீங்க?"

"கால் தடம். ஈரக் கால். மனுசக் கால்தான். மேல பாத்து ஏறுது. செவ்வாக்கிழமை பன்னெண்டாவது படியில இருந்துச்சு. அதுக்குக் கீழ ஒரு தடமும் இல்ல. இன்னைக்கு ஞாயிறு. இருபத்தேழாவது படிக்கு வந்துட்டு."

"சரி."

"சரியா? அது வேகம் புடிச்சிட்டு அம்மை! அன்னைக்கு இருபத்திநாலு படி மிச்சம் இருந்துச்சு. இப்ப ஒம்பதுதான்."

பாவம், பயந்த மனுசன். மிச்சத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மை முற்றத்து மணலில் வந்து குந்தினார். மணலில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கையில் கொஞ்சம் புளியங்கொட்டை இருந்தது.

"இந்தக் கோடுதான் தண்ணி. ஒரு நாளைக்கு ஒரு சாண் தள்ளிப் போங்க. ஒரு படிக்கு ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம், மேல போங்க. கொட்டையை வைங்க."

சங்கரபாண்டி வைத்தார். செவ்வாய் பன்னிரண்டு. புதன் பதினைந்து. வியாழன் பதினெட்டு. வெள்ளி இருபத்தொன்று. சனி இருபத்திநாலு. ஞாயிறு இருபத்தேழு.

அம்மை ஒரு நூலை எடுத்தார். இருவருமாக இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்தார்கள். நூல் ஆறு கொட்டைகளையும் தொட்டது.

"அதை விரட்டுறதுக்கு எதும் செஞ்சீங்களா?"

"வியாழக்கிழமை படியெல்லாம் உப்பு போட்டேன். வெள்ளிக்கிழமை வேப்பங்குழை வச்சேன். நேத்து சூடம் கொளுத்திக் கும்புட்டேன்."

"கோவத்துல ஒரு நாளாச்சும் அஞ்சு படி ஏறுச்சா?"

"இல்ல."

"பயந்துபோயி ஒரு நாளாச்சும் நின்னுச்சா?"

"இல்ல அம்மை. மூணுதான்."

"அப்ப அதுக்கு உங்க மேல கோவம் இல்ல."

அதைக் கேட்டதும்தான் சங்கரபாண்டிக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. கோபம் என்றால் பரிகாரம் செய்துகொள்ளலாம். இதற்கு என்ன செய்வது?

"எங்க வந்து சேரும்னு எண்ணிட்டீங்க. எங்க கிளம்புச்சுன்னு எண்ணுங்க" என்றார் அம்மை.

நூலைப் பின்பக்கமாக நீட்டினார்கள். சங்கரபாண்டி சாண் சாணாகப் பின்னால் போய்க் கொட்டை வைத்தார். ஒன்பது. ஆறு. மூன்று. அடுத்தது கோட்டின் மேலேயே விழுந்தது.

"தண்ணி வந்துட்டு. ஒம்பது நாளைக்கு முன்னால" என்றார்.

"நூல் அங்க நிக்கலியே."

ஆமாம். நூல் கோட்டைத் தாண்டிக் கீழே போயிருந்தது.

"தண்ணிக்கு அடியிலயும் முப்பது படி இருக்கு அண்ணாச்சி. போன கோடையில வத்துனப்ப நானே எண்ணிப் பாத்தேன்."

அவர் மறுபடி வைக்கத் தொடங்கினார். கோட்டுக்குக் கீழே மூன்று விரக்கடை. ஆறு. ஒன்பது. நாள் ஒன்றுக்கு மூன்று படியாக, தண்ணீருக்கடியில், யாரும் பார்க்காமல். முப்பதாவது விரக்கடையில் மணலைத் தொட்டபோது கை அப்படியே நின்றுவிட்டது.

"எத்தனை நாள்?"

"பத்தொம்பது."

"நீங்க இங்க வந்து?"

"பதினாறு."

அவர் இந்த மடத்தின் பேரைக்கூடக் கேள்விப்படாத நாளில், அவர் வந்து படுக்கப்போகிற அறையைப் பார்த்து, அது அடிப்படியிலிருந்து கிளம்பியிருக்கிறது.

"அது கிளம்புன அன்னைக்கு என்ன கிழமை அண்ணாச்சி?"

சங்கரபாண்டி கையிலிருந்த கொட்டையை மணலுக்குள் அழுத்தினார்.

"செவ்வா. நானும் என் தம்பி இசக்கிமுத்தும் ஒரு கிணத்துல தூர் வாரப் போனோம். மண் சரிஞ்சிட்டு. நான் பாதி ஏறிட்டேன். அவன் இடுப்பு வரைக்கும் மண்ணுல. 'அண்ணே, கையைக் குடு'ன்னான்."

"குடுத்தீங்களா?"

"மூணு படி இறங்குனாப் போதும், அம்மை. நான் மேல ஏறிட்டேன். அதுக்குள்ள மண்ணு அவனை மூடிட்டு."

"வீட்டுல என்ன சொன்னீங்க?"

"அவன் பெஞ்சாதிகிட்ட, வெளியூர் வேலைக்குப் போயிட்டான்னு சொல்லிட்டேன். அவ இன்னும் வாசலைப் பாத்துக்கிட்டுதான் இருப்பா."

தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மை தேற்றவில்லை. நூலைப் பொறுமையாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் எங்க ஓடினாலும் வருமா?"

"வரும்."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"அது ஒரு நாளைக்கு மூணு படி ஏறுது. நீங்க எத்தனை இறங்குவீங்க?"

சங்கரபாண்டி எழுந்தார். பை முற்றத்திலேயே கிடந்தது.

கிணற்றின் மேற்படியிலிருந்து எட்டுப் படி இறங்கினார். அதற்கு மேல் கால் வரவில்லை. ஒரு படி கீழே, இருபத்தேழாவதில், காலையில் பதிந்த ஈரம் காயாமல் இருந்தது.

"ஏலே இசக்கி" என்றார். குரல் கிணற்றுக்குள் போய்ச் சுற்றியது. "அண்ணன்தாம்ல. வா, ஊருக்குப் போவோம். அவ காத்துக்கிட்டிருக்கா. நான் எல்லாத்தையும் சொல்லிடுதேன்."

கையைக் கீழே நீட்டினார்.

அன்றைக்கு உள்ள மூன்று படியும் விடியும்போதே முடிந்திருந்தது. ஆனாலும் இருபத்தெட்டாவது படியில், அவர் காலுக்குப் பக்கத்தில், ஈரமாக ஒரு கால் பதிந்தது.