மாப்பிள்ளை அழைப்புக்கு எந்த ப்ளக்?

சென்னியப்பனிடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். அதை ஊரெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியாகத்தான் குருவிடம் வந்தார்.

குருவின் பெயர் கோகிலவாணி. பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுவது தொழில். பல்லடம் சாலையில் ஷெட். சிஷ்யரைவிடப் பதினைந்து வயது சின்னவள். அதனால் சிஷ்யர் குருவை "அம்மணி" என்பார், குரு சிஷ்யரை "அண்ணா" என்பாள். இருவருக்கும் இதில் சங்கடம் ஒன்றும் இருக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, ஒரே ஸ்பார்க் ப்ளக்கு. ரோட்டுக்கும் ஆகோணும், ரேஸுக்கும் ஆகோணும். எது போடறதுங்க?"

கோகிலவாணி கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ரோடுன்னா என்ன ரோடுங்ணா?"

சென்னியப்பனுக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் வெட்கிரைண்டர் செய்து விற்கிறவர். வாழ்நாள் முழுக்கக் கல் சுற்றுவதையே பார்த்த மனிதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் வேகத்தில் ஆசை வந்தது. கூரை திறக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். விமானம் வராத பழைய ஓடுதளத்தில், இரண்டிரண்டு கார்களாகக் கால் மைல் ஓடும் பந்தயத்துக்குப் போக ஆரம்பித்தார். அங்கேதான் கோழித்தீவனக்காரர் நல்லமுத்து பழக்கமானார். ஒருவரையொருவர் தோற்கடித்துத் தோற்கடித்து, அது கடைசியில் இவர் பெண்ணை அவர் பையனுக்குக் கொடுப்பதில் வந்து முடிந்தது.

"ஞாயித்துக்கெழம காலைல சம்பந்தி கூட ரேஸ்ங்க. அன்னைக்கே சாயங்காலம்..." சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை அழைப்புங்க. பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும். நாதஸ்வரத்துக்குப் பின்னால."

கோகிலவாணி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"அதவிட மெதுவா உலகத்துல எந்த வண்டியும் போகாதுங்ணா."

"அதானுங்க என்னோட கேள்வியே."

சிக்கல் இதுதான். எஞ்சினுக்குள் தீப்பொறி வைக்கும் ப்ளக்கில் இரண்டு வகை. ஹாட் ப்ளக் தன்மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும், ஊர்ந்து போக நல்லது. முழு வேகத்தில் அதுவே தணலாகி எஞ்சினைத் தட்ட வைக்கும், பிஸ்டனைக்கூடத் தின்றுவிடும். கோல்டு ப்ளக் முழு வேகத்தைத் தாங்கும். ஊர்ந்தால் கரி பிடித்து வண்டியை நிறுத்திவிடும். சென்னியப்பன் இரண்டையும் அனுபவித்திருந்தார். ஒன்றால் பந்தயத்தில் எஞ்சின் கதறியது. இன்னொன்றால் சிங்காநல்லூர் சிக்னலில் ஒரு டவுன் பஸ் முழுக்க அவரைத் திட்டியது.

"நடுவுல ஒண்ணு இருக்குதே, போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. ரேஸ்லயும் பாதி தட்டுச்சு, சிக்னல்லயும் பாதி நின்னுச்சு."

"கம்ப்யூட்டர்ல தேடினீங்களா?"

"அதையேன் கேக்கறீங்க. ஒருத்தன் இரிடியம்ங்கறான், ஒருத்தன் செம்புங்கறான், ஒருத்தன் ரெண்டு பேரையும் முட்டாளுங்கறான். நானும் எல்லாத்தையும் வாங்கிட்டேன். பீரோவுல சேலை வெக்க எடமில்லைன்னு வீட்டுல சத்தம்."

"வண்டிய விட்டுருங்ணா. அழைப்புக்கு வேற வண்டி வெக்கறது."

"சம்பந்தி ஒத்துக்க மாட்டேங்கறாருங்க. பையன் இந்தச் செவப்பு வண்டிலதான் வரோணுமாம், நான்தான் ஓட்டோணுமாம். அவரோட அத்தை ஒருத்தங்க இருக்காங்க, சின்னத்தாயி அம்மா. தாலி கட்டறப்ப பல்பு ஒண்ணு அணைஞ்சுதுன்னு ஒரு கல்யாணத்துல எலையிலிருந்து எந்திரிச்சுப் போனவங்க. அழைப்பு வண்டி நடுவழியில நின்னா அந்தம்மா போயிருமுங்க. அது போச்சுன்னா பாதிச் சனம் பின்னாலயே போயிரும். எம்பொண்ணு கல்யாணமுங்க அம்மணி."

குரு கையைத் துணியில் துடைத்தாள்.

"அப்ப ரெண்டு செட் வெச்சுக்குங்க. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"வெச்சுக்கலாமுங்க. ஆனா ஒரு யோசனை. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னா, அது என்ன வண்டிங்க? ரேஸ் வண்டியா, ரோட்டு வண்டியா? நானும் ஒரு நெலைக்கு வரோணுமல்லங்க?"

கோகிலவாணி வெளியே போய்ச் சிவப்புக் காரின் பானெட்டைத் திறந்து, ஒரு ப்ளக்கைக் கழற்றி, வெயிலில் திருப்பிப் பார்த்தாள். அட்டைக்கரியாக இருந்தது.

"வர்ற வழியில ரயில்வே கேட்ல நின்னீங்களா?"

"ஆமாங்க! கூட்ஸ் வண்டி."

"வடை வாங்கித் தின்னீங்களா?"

சென்னியப்பனுக்குப் புல்லரித்தது. "அதெப்படிங்க ப்ளக்குல தெரியும்?"

"சட்டைல இருக்குது."

சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டார். "சரிங்க, போன வார ரேஸ்ல இது எப்படி இருந்துச்சு?"

"அது இதுக்குத் தெரியாதுங்ணா. கடைசியா வந்த வழியத்தான் இது சொல்லும். ரேஸைப் பத்தித் தெரியோணும்னா, முழு வேகத்துல கோட்டைத் தாண்டினதும் எஞ்சினை நிறுத்தோணும். உருண்டு நிக்கற எடத்துலயே கழட்டோணும். அதைக் கொண்டாங்க. அப்புறம் கேளுங்க, சொல்றேன்."

அந்த வாரம் முழுக்க சென்னியப்பன் அதையே ஜபித்தார். கோட்டைத் தாண்டினதும் நிறுத்தோணும். சாம்பார் ஊற்ற வந்த மனைவியிடமும் "கோட்டைத் தாண்டினதும் நிறுத்து" என்றார். அவள் கரண்டியோடு அப்படியே போய்விட்டாள்.

ஞாயிறு விடிந்தது. புது கோல்டு ப்ளக் நான்கு. கிழக்கே பார்த்த ஓடுதளம், கோட்டுக்கு மேலே துணி வளைவு. பச்சை விளக்கு எரிந்ததும் சிவப்புக் கார் பாய்ந்தது. தட்டவில்லை, கதறவில்லை. இத்தனை நாளில் அந்த எஞ்சின் அப்படிப் பாடி அவர் கேட்டதில்லை. நல்லமுத்துவின் வண்டி ஒரு வண்டி நீளத்துக்குப் பின்னால் விழுந்தது. எதிரே கோடு. கன்னங்கரேலென்று, தளத்தின் குறுக்கே. தாண்டியதும் சாவியைத் திருப்பினார்.

அது கோடு அல்ல. காலை வெயிலில் வளைவின் நிழல். கோடு இன்னும் தள்ளி இருந்தது.

நல்லமுத்து கையை ஆட்டிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார். திரும்பி வந்து இறங்கி, கார் கதவில் சாய்ந்து நின்றார்.

"ஏனுங்க சம்பந்தி, பொண்ணக் குடுக்கறீங்க, சரி. ரேஸையுமா சேத்துக் குடுப்பாங்க?"

சென்னியப்பனுக்குக் காதில் விழவில்லை. அவர் ப்ளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான்கும் வறுத்த நிலக்கடலைத் தோலின் நிறத்தில் இருந்தன. ஒரு குறை சொல்ல முடியாது. கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் போட்டார். தூசி போகாமல் எஞ்சினின் நான்கு ஓட்டைகளிலும் துணிச் சுருளைச் செருகினார். கார் லாரியில் ஏறியது.

மத்தியானம் அதைப் பிள்ளையார் கோயில் வாசலில் இறக்கினார்கள். சென்னியப்பன் பானெட்டைத் திறந்தார். சட்டையின் ஒரு பையில் காலை ஓடிய கோல்டு. இன்னொரு பையில் புது ஹாட். சாயங்காலத்துக்கு ஹாட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நிறம்! இத்தனை சரியாக வந்ததைக் கழற்றி வைப்பதா? ஒருவேளை இதுவே ஊர்ந்தும் போகுமோ? போகாவிட்டால்? நான் நம்புவது எதை? ப்ளக்கையா, என்னையா? அப்படியே நின்றார்.

"ஏனுங்க, அங்க என்ன தவமா பண்றீங்க?" மண்டபத்திலிருந்து மனைவியே வந்துவிட்டாள். "பட்டுச் சட்டையப் போட்டுட்டு வாங்க. சம்பந்தி வீட்டு வேன் வந்துருச்சு."

பானெட்டை மூடினார். மண்டபத்துக்குப் போய்ச் சட்டை மாற்றினார். பிறகு சந்தனம், கும்பிடு, ஃபோட்டோ, "மாமா எப்ப வந்தீங்க", மறுபடி ஃபோட்டோ. திரும்பவும் கோயில் வாசலுக்கு வந்தபோது மாப்பிள்ளை மாலையோடு காரில் உட்கார்ந்திருந்தான். தவில் முழங்கியது. சின்னத்தாயி அம்மா முன்வரிசையில், காரிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றிருந்தார்.

சென்னியப்பன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

பானெட்டுக்குள் பட், பட், பட், பட் என்று நான்கு சத்தம். அப்புறம் வெறும் கிர்ர்.

துணிச் சுருள்கள் தெறித்துவிட்டன என்று அவருக்குப் புரிந்தது. அதற்கு மேலும் ஒன்று புரிந்தது. ப்ளக் எட்டும் பழைய சட்டையில் இருந்தன. பழைய சட்டை மண்டபத்து அறையில் ஆணியில் தொங்கியது.

"வேட்டு ஏம்ப்பா இத்தனை சின்னதா வெடிக்குது?" என்றார் சின்னத்தாயி அம்மா.

சென்னியப்பனின் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் கோகிலவாணி தெரிந்தாள், பட்டுப்புடவையும் பூவுமாக. அவரைப் பார்த்தாள், பானெட்டைப் பார்த்தாள். காரின் பின்பக்கம் போய், ஒரு கையை அதன்மேல் வைத்தாள்.

சென்னியப்பன் கியரை நியூட்ரலில் போட்டு ஹெட்லைட்டைப் போட்டார்.

அவள் தள்ள, கார் நகர்ந்தது.

கொஞ்ச தூரத்தில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆடிக்கொண்டே வந்து ஆளுக்கொரு கை வைத்தார்கள். காலை ஜெயித்த உற்சாகத்தில் நல்லமுத்துவும் வந்து வைத்தார். நாதஸ்வரம் நின்ற இடத்தில் கார் நின்றது, நடந்த இடத்தில் நடந்தது. இழுப்பில்லை, உதறலில்லை. மாப்பிள்ளை வழியில் போன் பேசினான், மறுமுனையில் இருந்த மணப்பெண்ணுக்கு எல்லாமே கேட்டது.

மண்டப வாசலில் சின்னத்தாயி அம்மா காருக்குத் தானே திருஷ்டி சுற்றினார்.

"மத்த அழைப்புலயெல்லாம் கார் உறுமற உறுமல்ல நாதஸ்வரமே காதுல விழாது, பொகை வேற. இதுதாண்டா வண்டி. சபை மரியாதை தெரிஞ்ச வண்டி."

பந்தி முடிந்து கோகிலவாணி கை கழுவிக்கொண்டிருந்தபோது சென்னியப்பன் வந்தார். கையில் கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்துக் காட்டினார்.

குரு ஒவ்வொன்றாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அருமையா இருக்குதுங்ணா. இதவிடச் சரியா வராது."

"சொன்னபடியே கொண்டாந்துட்டேன் அம்மணி. இப்பச் சொல்லுங்க."

"காலைல இதுதான் போட்டிருந்தீங்களா?"

"ஆமாங்க."

"என்ன ஆச்சு?"

"தோத்துட்டேங்க. நெழலக் கோடுன்னு நெனச்சுட்டேன்."

"சாயங்காலம் எது போட்டிருந்தீங்க?"

"எதுவுமே போடலீங்க."

கோகிலவாணி நான்கு ப்ளக்கையும் அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"இப்பக் கேளுங்ணா, சொல்றேன்."

சென்னியப்பனிடம் இப்போது கேள்வி எதுவும் இல்லை.