ஒச்சப்பன் வீட்டு அரை வோல்ட்

மந்திக்காட்டில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. செலவழித்தால்தானே தீரும்.

மலைமேல் ஊர். ஐப்பசிக் குளிர் எலும்பைக் கடிக்கும். அதனால் தவசியாண்டி, மாயன், சடையன், ஒச்சப்பன் என்று பங்காளிகள் நால்வரும் சேர்ந்து பொதுவில் ஒரு வெந்நீர் அண்டா வைத்திருந்தார்கள். உள்ளே கரண்டுச் சுருள். நாள்பட்ட சுருள். காலையில் சுவிட்சைப் போட்டால் மத்தியானம்தான் தண்ணீர் வெதுவெதுப்பாகும்.

மற்ற நாளாக இருந்தால் மூத்தவர் தவசியாண்டி கவலைப்பட்டிருக்க மாட்டார். அவர் குளிப்பதே எப்போதாவதுதான். ஆனால் விடிந்தால் தீபாவளி, மகளுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை பரமன் மலையேறி வந்தாகிவிட்டது. மாப்பிள்ளையைப் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்தார்கள் என்று சம்பந்தி வீட்டில் ஒரு சொல் விழுந்தால், பேரன் பேத்தி எடுத்த பிறகும் அது போகாது.

இது தவசியாண்டிக்கு நன்றாகத் தெரியும். அவரும் அப்படிப்பட்ட ஆள்தான். போன தீபாவளிக்கு ஆடு வெட்டிக் கூறு போட்டபோது ஈரல் முழுவதும் ஒச்சப்பன் கூறில் கிடந்தது. அன்றோடு அவனிடம் பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதை மாயனிடம் சொல்வார். ஒச்சப்பன் பக்கத்தில் நின்றாலும், மாயன் ஒருதரம் திருப்பிச் சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழும்.

அடிவாரத்து எலக்ட்ரீசியன் அந்தோணியை வரவழைத்தார்கள். அவர் வந்த நேரம் ஊரில் கரண்டு இல்லை. சுவிட்சுப் பக்கத்தில் இரண்டு மீட்டரை மாட்டினார்.

"இது வோல்ட், இது ஆம்பியர். கரண்டு வந்ததும் முள் எங்க நிக்குதுன்னு பாருங்க. வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ஓம். சுருளோட மின்தடை அதுதான். ரெண்டையும் பெருக்கினா வாட். எவ்வளவு சூடு போடும்னு அது சொல்லும். ரெண்டு விடையையும் போன்ல சொல்லுங்க. இதைவிட ரெட்டிப்பா சூடு போடுற சுருளா சாயங்காலம் கொண்டாந்துடறேன்."

அவர் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. ஒரு முள் இருநூற்று முப்பதில் நின்றது. இன்னொன்று நாலில் நின்றது.

"ஆம்பியர் நாலு. நாமளும் நாலு பேர்" என்றான் சடையன். "மிசினு ஆளை எண்ணித்தான் காட்டுது அண்ணே."

"வகுக்கச் சொன்னாரே, எப்படி வகுக்கிறது?" என்றான் மாயன்.

"ஆட்டை எப்படி வகுத்தோம்? அப்படித்தான்" என்றார் தவசியாண்டி. "ஆனா இந்தத் தடவை கூறு போடுறது நானு. இதை அவன்கிட்ட சொல்லு."

மாயன் சொன்னான். ஒச்சப்பன் சரியென்று தலையாட்டினான்.

வோல்ட்டைக் கையில் பிடிக்க முடியாது. ஆகவே வோல்ட்டுக்கு ஒரு புளியங்கொட்டை என்று எண்ணி எடுத்தார்கள். நாலு தேக்கிலை விரித்து, இலைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார் தவசியாண்டி. இலைக்கு ஐம்பத்தேழு சேர்ந்தது. இரண்டு கொட்டை மிஞ்சியது.

நால்வரும் அந்த இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்கள்.

"தலையும் தோலும் உரிச்சவனுக்குன்னு ஒரு முறை இருக்கு" என்றான் மாயன்.

"வோல்ட்டை யாருப்பா உரிச்சா?" என்றான் சடையன்.

"யாருக்குக் கொடுத்தாலும் சரி, ஈரல் தின்னவனுக்குக் கிடையாதுன்னு சொல்லு" என்றார் தவசியாண்டி.

கடைசியில் ஒச்சப்பனே அரிவாள்மணையைக் கொண்டுவந்து, இரண்டு கொட்டையையும் பாதி பாதியாக வெட்டி, இலைக்கு அரை வைத்தான். தலைக்கு ஐம்பத்தேழரை. கணக்கு என்னவோ சரிதான். ஆனால் தன் இலையில் விழுந்த அரை சின்ன அரை என்பதைத் தவசியாண்டி பார்த்துவிட்டார். ஒச்சப்பன் இலையில் இருந்தது பெரிய அரை. ஈரலுக்குப் பக்கத்தில் அதையும் மனதில் வைத்துக்கொண்டார்.

பங்கு பிரித்தாகிவிட்டது. இனி அண்டாவில் கரண்டு ஓடினால் அது யார் பங்கில் ஓடுகிறது என்று வம்பு வரும். எனவே சுவிட்சை அணைத்தார்கள். ஆளுக்கொரு இலையை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்திவிட்டு வந்து அந்தோணிக்குப் போன் போட்டார்கள்.

"வகுத்தாச்சு. தலைக்கு அம்பத்தேழரை" என்றார் தவசியாண்டி.

"அம்பத்தேழரை ஓம். சரி, பெருக்கினா எவ்வளவு?"

"எதைப் பெருக்குறது? அதான் வகுத்து ஆளாளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோயாச்சே."

அந்தப் பக்கம் அந்தோணி நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "இருநூத்தி முப்பதை நாலால பெருக்குங்க. தொள்ளாயிரத்தி இருபது வாட்."

தவசியாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தொள்ளாயிரமா? இதை வகுக்கிறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா? பெருக்கிட்டு வகுத்திருந்தா ஆளுக்கு இருநூத்தி முப்பது வந்திருக்குமே."

"பெரியவரே, சுருள் வேணுமா வேண்டாமா?"

"வேண்டாம். எங்க பங்கு எங்ககிட்ட இருக்கு."

மறுநாள் விடியலில் மாப்பிள்ளை பரமன் தலைநிறைய எண்ணெயோடு மணையில் உட்கார்ந்திருந்தார். பல் தந்தியடித்தது. தவசியாண்டி இலையைப் பிரித்து, ஐம்பத்தேழு கொட்டையையும் அந்தச் சின்ன அரையையும் பானைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். விரலை விட்டுப் பார்த்தார். ஐஸாக இருந்தது.

மாயன் விரலை விட்டான், சடையனும் விட்டான். "குறையுது அண்ணே" என்றார்கள் இருவரும்.

என்ன குறைகிறது, எங்கே இருக்கிறது என்று தவசியாண்டிக்குத் தெரியும். ஒரு பக்கம் ஈரல், ஒரு பக்கம் மகள் வாழ்க்கை. எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு ஒச்சப்பன் வாசலில் போய் நின்றார். ஒரு வருடமாக அடைத்துக் கிடந்த தொண்டையைச் செருமினார்.

"டேய் ஒச்சா. அந்தப் பெரிய அரையைக் கொண்டாடா. மாப்ள விறைச்சுப் போறாரு."

ஒச்சப்பன் மறுபேச்சில்லாமல் அதைச் சம்புடத்தில் வைத்துக் கொண்டுவந்து பானையில் போட்டான். தவசியாண்டி ஒரு செம்பு மொண்டு மாப்பிள்ளை தலையில் ஊற்றினார். மாப்பிள்ளை "ஆ" என்று துள்ளி எழுந்தார். உடம்பெல்லாம் புல்லரித்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நால்வரையும் பார்த்தார்.

"சூடு தாங்கலை மாமா. அந்த அரையை எடுத்துருங்க."

தவசியாண்டியின் முகம் மலர்ந்தது. பானைக்குள் கையை விட்டுத் துழாவி, பெரிய அரையை எடுத்து வேட்டியில் துடைத்தார். ஒச்சப்பன் பக்கத்தில்தான் நின்றான். அவர் மாயன் பக்கம் திரும்பினார்.

"மாயா, அவன்கிட்ட சொல்லு. அவனோட அரை வோல்ட்டை அவனையே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."