அல்லியாற்றின் தாய்வீடு

மேற்கே கடல், கிழக்கே முள்ளுக்காடு, நடுவில் ஒரு மலை. இப்படி இருந்த நாட்டை ரொம்பக் காலத்துக்கு முன்னால் வஞ்சிமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஒரு வார்த்தை சொல்வான். வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்புவதற்குள் அதை மாற்றிவிடுவான்.

மலையில் பிறந்த அல்லியாறு மேற்கே ஓடிக் கடலில் விழுந்தது. கிழக்கே இருந்த முள்ளிநாட்டில் குடிக்கவே தண்ணீர் கிடையாது. மந்திரி காரிமுத்து அந்த ஊர்க்காரர். இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் சனங்கள் வீட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சபையில் எழுந்தார்.

"மகாராஜா, கணவாயில் ஒரு கால்வாய் வெட்டினால் வெள்ளத்தைக் கிழக்கே திருப்பலாம்."

"பேஷ், நாளைக்கே வெட்டு" என்றான் ராஜா.

ராணியின் அண்ணன் பூதலராயருக்கு வயிறு எரிந்தது. கால்வாய் வந்தால் ஊரெல்லாம் காரிமுத்து பெயரையல்லவா சொல்லும்.

"மாப்பிள்ளை, ஆறு கடலுக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வீட்டுக்குப் போகிறவளை மறித்து வேறு பக்கம் திருப்புவது எந்த ஊர் நியாயம்? பாவம் உங்கள் தலையில் விடியும்."

ராஜா பயந்துவிட்டான். "ஆமாம் மச்சான். கால்வாய் வேண்டாம்."

"முள்ளிநாட்டுச் சனங்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார் காரிமுத்து.

"முள் வெட்டி விற்கட்டும்" என்றார் ராயர்.

சபை சிரித்தது. காரிமுத்து மறக்கிற ஆள் இல்லை. யார் யார் பல் தெரிந்தது என்பதுவரை மனசில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆடிப்பெருக்கு வந்து போனது. ஆவணியில் ராணிக்கு வளைகாப்பு நடந்தது. தங்கையைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக ராயர் பல்லக்கோடு வந்தார். ராஜாவே வாசல்வரை வந்து வழியனுப்பினான். காரிமுத்து குறுக்கே போய் நின்றார்.

"பல்லக்கை இறக்குங்கள். புருஷன் வீட்டுப் பெண்ணை வேறு பக்கம் திருப்பக்கூடாது என்று சபையில் தீர்ப்பாகியிருக்கிறது."

"யோவ் மந்திரி, புத்தி பிசகிப்போச்சா? பிள்ளைத்தாய்ச்சி தாய்வீட்டுக்குப் போகிறாள். அதை எந்தப் புருஷன் மறிப்பான்?"

"ஒருத்தனும் மறிக்கமாட்டானா?"

"மறித்தால் அவன் மனுஷனே இல்லை."

காரிமுத்து ராஜாவிடம் திரும்பினார். "போன மாதம் அல்லியாற்றுக்கு என்ன படைத்தீர்கள் மகாராஜா?"

"எப்போதும்போலச் சித்ரான்னம், காதோலை, கருகமணி. மசக்கைக்காரிக்கு வாய் ருசி கேட்குமே."

"அப்படியென்றால் அவளும் பிள்ளைத்தாய்ச்சிதான். எங்கள் மலையில் பிறந்தவள். முள்ளிநாடு அவளுக்குத் தாய்வீடு. வருஷா வருஷம் மசக்கைச் சோறு போடுகிறோம். ஒரு பிரசவத்துக்காவது அம்மா வீட்டுக்கு அனுப்பினோமா?"

பல்லக்குத் திரைக்குள்ளிருந்து ராணி சொன்னாள்: "ஐயோ பாவம், அவளுக்கும் ஆசை இருக்காதா?"

ராயர் விடவில்லை. "போனவள் திரும்பாவிட்டால் கடல் சும்மா இருக்குமா?"

"உங்கள் தங்கை திரும்பி வராமலா இருக்கப்போகிறார், ராயரே? வெள்ளக் காலத்தில் மட்டும் மதகைத் திறப்போம். தை பிறந்ததும் மூடிவிடுவோம். மிச்ச நாளெல்லாம் அவள் புருஷன் வீட்டில்தான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் காரிமுத்துவுக்குப் போட்டான்.

"சரி, வெட்டுங்கள். ஆனால் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் வேண்டுமே? மச்சான், அவளுக்காக முதலில் பரிந்து பேசியது நீங்கள்தான். இந்தத் தங்கை பல்லக்கில் போகட்டும். நீங்கள் அந்தத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கணவாயில் மண்வெட்டி தருவார்கள்."

இந்த ஒரு வார்த்தையை மட்டும் ராஜா கடைசிவரை மாற்றவில்லை.

அடுத்த வெள்ளத்துக்குள் கால்வாய் தயாரானது. முள்ளிநாட்டு எல்லையில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். நுரைத்துவந்த தண்ணீருக்கு முன்னால் பூதலராயர் நடந்துவந்தார். முழங்கால்வரை சேறு, உள்ளங்கையெல்லாம் கொப்புளம். காரிமுத்து அவருக்கென்றே வருஷம் முழுக்க ஒரு வார்த்தையைத் தீட்டி வைத்திருந்தார். சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் ஒரு பெண் முந்திக்கொண்டாள். "பெண்ணைக் கூட்டிவந்த அண்ணன் நிற்கிறார், பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களே. கால் கழுவத் தண்ணீர் கொடுங்கள்."

வந்தவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கமே அந்த ஊரில் விட்டுப்போயிருந்தது. அவள் ஒரு குடம் நிறைய மொண்டு ராயர் காலில் ஊற்றினாள். காரிமுத்து பதறிப்போய், "பார்த்து ஊற்று தாயி, வீணாகிறது" என்றார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி, இன்னும் வருகிறது" என்று சொல்லி, அவள் இரண்டாவது குடத்தை முக்கினாள்.