நானூற்றுப் பன்னிரண்டு இலை

மழை அடியோடு பொய்த்துப்போன வருஷம் அது. மலையடிவாரத்தில் மடம் வைத்திருந்த அம்பலச் சாமி, வந்தவர்களுக்கெல்லாம் மத்தியானம் ஒரு வேளை சோறு போட்டார். நெல் அளந்தவர்கள் சந்தை வியாபாரிகள். சும்மா அளப்பார்களா? எத்தனை பேர் பசியாறுகிறார்கள் என்று தைப்பூசத்தன்று வந்து எங்கள் சபையில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

கணக்குப் பார்க்கிற வேலை கோமதிநாயகத்துக்கு வந்தது. தவிட்டுக் கடையை மூடிவிட்டுச் சாமியிடம் சீடராக வந்து சேர்ந்தவர். குருவைவிட எட்டு வயசு மூத்தவர். ஆனாலும் சாமி சொன்னால் மறு பேச்சு கிடையாது.

பந்தி முடிந்ததும் எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். எண்ணி முடிக்கிறவரைக்கும் மாடுகளை அண்ட விடமாட்டார். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டாத்தான் மாட்டுக்குச் சோறு என்று சமையல்காரி ஆவுடை கேலி பண்ணுவாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

தூக்குவாளியில் வாங்கிப் போகிறவர்கள்தான் அவருக்குத் தொந்தரவு. வாளிக்கு இலை விழாதே. போதாக்குறைக்கு எவனோ வாங்கிப்போன சோற்றை ஆட்டுக்கு வைத்தான் என்றும் காதில் விழுந்தது. வாளியை நிறுத்திவிட்டார். இங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சித்தாய் என்கிற பொம்பளை மட்டும் கெஞ்சிப் பார்த்தாள். புருஷன் பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறான், ரெண்டு மைல் தூக்கி வர ஆளில்லை என்றாள்.

“வாளியிலே போற சோறு யார் வயித்துக்குப் போச்சுன்னு நான் எப்படித் தாயி சொல்லுவேன்?” என்றார் அவர்.

அவள் உட்கார்ந்து கொஞ்சம் தின்றாள். மிச்சத்தை முந்தானையில் முடிந்தாள். மூன்றாம் நாள் அதையும் அவர் பார்த்துவிட்டார். எல்லார் முன்னாலும் அவிழ்க்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு கூட்டம் ஏறிக்கொண்டே போனது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் நானூற்றுப் பன்னிரண்டு இலை. அவ்வளவு ஒருநாளும் விழுந்ததில்லை. கோமதிநாயகம் ஓடிப்போய்ச் சாமியிடம் சொன்னார்.

சாமிக்கும் முகம் மலர்ந்தது. அப்புறம் கேட்டார். “முன்னால வந்துட்டு இப்ப வராதவங்க யாரு?”

கோமதிநாயகத்துக்குத் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து ஆவுடைதான் சொன்னாள், பேச்சித்தாயைக் கண்டு ஒரு மாசம் இருக்கும் என்று.

சாமியும் கோமதிநாயகமும் வெயிலோடு அவள் குடிசைக்கு நடந்தார்கள்.

குடிசை வாசலில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சாமியைக் கண்டு எழப் பார்த்தாள், முடியவில்லை. உள்ளே கயிற்றுக் கட்டில் நிமிர்த்திச் சுவரில் சாத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் கோமதிநாயகத்துக்குப் புரிந்துபோயிற்று.

“எப்போ தாயி?” என்றார் சாமி.

“பதினோரு நாளாச்சு சாமி. கடைசியில வெறும் கஞ்சித்தண்ணிதான் கேட்டாரு.”

“நீயாவது வந்து சாப்பிட்டிருக்கலாமே.”

“நான் மட்டும் தின்னுட்டு வந்து அவரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது?” என்றாள். பிறகு கோமதிநாயகத்தைப் பார்த்து, “அண்ணாச்சி மேல குத்தமில்ல. அவரு சட்டம் எல்லாருக்கும்தான்” என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அவளை ஒரு வண்டியில் ஏற்றி மடத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினார்கள். அவள் வராமல் போன நாளெல்லாம் கோமதிநாயகம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளாவது இலை குறைந்ததா? குறையவே இல்லை. அவள் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

“சாமிக்கு முன்னமே தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது. கூட்டம் கூடுதுன்னு நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன்.”

மடத்து வாசலுக்கு வந்ததும் கோமதிநாயகத்தால் உள்ளே கால் வைக்க முடியவில்லை.

“நாளைக்குச் சபையில கேப்பாங்களே. என்ன சொல்லட்டும் சாமி?”

சாமி அவர் தோளில் கையை வைத்தார்.

“சாப்பிட்டவங்களை மட்டும்தான் எண்ணினோம்னு சொல்லு. அது பொய்யில்லை.”