ஐந்து மணிக்கு வந்த ஐயர்

"ஊழியத்தை விட்டுடப் போறேன், அம்மா. பேராயருக்குக் கடிதம்கூட எழுதிட்டேன்."

சொன்னவர் சபைப் போதகர் சற்குணம் ஐயர். வயது ஐம்பத்திரண்டு. இறையியல் கல்லூரியில் தனக்குப் பாடம் எடுத்த எப்சிபா அம்மாவைத் தேடி வந்திருந்தார்.

"என்ன நடந்தது?"

"என் சபையில மாசிலாமணின்னு ஒருத்தர். இருபது வருஷமா கோயில் படி மிதிக்காதவர். போன வியாழக்கிழமை சாகக் கிடந்தார். திருவிருந்து அப்பம் வாங்கிட்டுச் சாகணும், ஐயரைக் கூப்பிடுன்னு மனைவிகிட்ட சொல்லியிருக்கார். பதினொரு மணிக்கு எனக்குத் தகவல் வந்தது."

"போனீங்களா?"

"கமிட்டிக் கூட்டத்தில இருந்தேன். முடிச்சிட்டுப் போகலாம்னு நினைச்சேன். ஐந்து மணிக்குப் போனேன். நாலு மணிக்கே உயிர் போயிடுச்சு."

"கூட்டத்தில என்ன பேசினீங்க?"

ஐயர் தலையைக் குனிந்தார்.

"கோயில் சுற்றுச்சுவருக்கு என்ன பெயிண்ட் அடிக்கிறதுன்னு."

அம்மா ஆறுதல் சொல்வார் என்றுதான் அவர் வந்திருந்தார்.

"தப்புதான்" என்றார் அம்மா.



"ஓர் ஆத்துமா என்னால கெட்டுப்போச்சு, அம்மா."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மாவே தொடர்ந்தார்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"தினமும் முழங்கால் போட்டுக் கேட்கிறேன்."

"அவர் மனைவிகிட்ட?"

"அடக்க ஆராதனை நடத்தினேன். அந்த அம்மா முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியல."

எப்சிபா அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க."

இருவரும் பேருந்து ஏறினார்கள்.

மாசிலாமணியின் மனைவி பாக்கியத்தாய் வாசல் திண்ணையில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஐயரைக் கண்டதும் எழுந்தாள். அவர் உட்காரவில்லை.

"பதினொரு மணிக்குக் கூப்பிட்டீங்க. வந்திருக்கலாம். வரல. கூட்டம் பெரிசுன்னு நினைச்சிட்டேன். என்னை மன்னிக்கணும், அம்மா."

பாக்கியத்தாய் சுளகைக் கீழே வைத்தாள்.

"கோவமாத்தான் இருந்துச்சு, ஐயரே. இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆனா நேர்ல வந்து சொல்லிட்டீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். மெல்லக் கேட்டார்.

"கடைசியில ரொம்பத் தவிச்சாரா?"

"மத்தியானம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. பொறவு, நீயே ஜெபம் பண்ணுன்னாரு. எனக்கு என்ன தெரியும்? சின்ன வயசுல ஓய்வுநாள் பள்ளியில படிச்ச ஜெபத்தைச் சொன்னேன். சின்னப்பிள்ளை மாதிரி கூடவே சொன்னாரு. பழசையெல்லாம் சொல்லி அழுதாரு. அழுது முடிச்சுச் சிரிச்சாரு. அவரு அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"என்னைப் பத்தி?"

"ஐயரைக் காணலியேன்னு நான்தான் பொலம்பினேன். கையைப் புடிச்சுக்கிட்டு, 'அவரு வரும்போது வரட்டும், பாக்கியம். ஆண்டவர் வந்தாச்சுல்லா'ன்னாரு."

ஐயர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எப்சிபா அம்மா தெருவைப் பார்த்தபடி இருந்தார்.

காப்பி போட எழுந்த பாக்கியத்தாய் ஏதோ நினைவு வந்து நின்றாள்.

"ஐயரே, கீழத்தெரு ரத்தினபாய் காய்ச்சலா கெடக்கா. உங்களைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தா."

சற்குணம் ஐயர் எழுந்துவிட்டார்.

"காப்பி?"

"வந்து குடிக்கிறேன்."