செம்பன் விட்டுச் சென்ற முன்நூல்

இலைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு உருவங்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு பூவரச இலையின் சிற்றறைக்குள் பச்சை வீடு ஒன்று இருந்தது. வெயிலைப் பிடித்துச் சர்க்கரை சமைக்கும் வீடு. அதற்கு இரண்டு சுவர், நடுவே முற்றம். முற்றத்தில், அடுக்கி வைத்த தோசைகளைப் போல மூடிய உள்ளறைகள்.

வெயில் பட்டால் உள்ளறையில் பொறி பறக்கும். அதை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். முன்பெல்லாம் அந்த ஆளை வீடு தானே செய்துகொண்டது. ஆனால் பொறி பறக்கிற இடத்தில் ஆளைச் செய்யும் செய்முறைகளை வைத்திருந்தால் கருகிப்போகும் என்று பயந்து, அவற்றை வெளியே, சிற்றறையின் ஏடுகளைக் காத்துவந்த கருமனையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. இனி வெளியே பிறக்கிற ஆள் உள்ளே எப்படி வருவான் என்று யாரும் யோசிக்கவில்லை.

அப்படி வெளியே பிறந்த முதல் ஆள் செம்பன். சிற்றறையில் வேலை செய்யும் எல்லாப் புரதங்களையும் போல அவனும் நூலாகத்தான் பிறந்தான். பிறந்த கையோடு மடிந்து சுருண்டு வடிவம் எடுத்துக்கொண்டான். புரதத்துக்கு வடிவம்தான் மானம். தலைப்பக்கம் மட்டும் முன்நூலாக ஒரு துண்டு நூல் மடியாமல் துருத்திக்கொண்டு நின்றது. அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவன் அதை உள்ளே செருகி மறைத்துக்கொண்டு, விடிகிற நேரத்தில் பச்சை வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

வாசல் ஊசிக் காது அளவுதான் இருந்தது. காவலுக்குக் காத்தாயி நின்றாள்.

“யாருய்யா நீ?”

“பொறி சுமக்கிறவன். உள்ளே விடு தாயி.”

“வர்றவனெல்லாம் அப்படித்தான் சொல்றான். நேத்து, சர்க்கரையை எரிக்கிற பக்கத்து அனல் வீட்டுக்காரன் ஒருத்தன் வந்து நின்னான். விட்டிருந்தா உள்ளே இருக்கிற பச்சையை எல்லாம் தின்னு தீர்த்திருப்பான். உனக்கு என்ன அடையாளம்?”

“என் வடிவத்தைப் பார்த்தாலே தெரியலையா?”

“மூட்டை மாதிரி இருக்கே. மூட்டை இந்தக் காதுல நுழையுமா?”

செம்பன் முட்டிப் பார்த்தான். புரண்டு பார்த்தான். நுழைய முடியவில்லை. அதற்குள் வெயில் இலைமேல் விழுந்துவிட்டது. உள்ளிருந்து கருகல் வாசனை வந்தது.

காத்தாயியின் கேலி நின்றது. “பொறி வாங்க ஆள் இல்லாம உள்ளே பத்திக்கிச்சு. சீக்கிரம் ஏதாவது செய்யி.”

மடிப்பைப் பிரித்தால் நுழையலாம். ஆனால் பிரிந்த பிறகு தான் யார்? மறுபடி மடிய முடியாமலே போனால்? இப்படிக் கேட்டுக்கொண்டு நின்றபோதே அவனுக்குள் இன்னொரு கேள்வியும் எழுந்தது. வீடு எரிந்த பிறகு இந்த வடிவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செம்பன் மடிப்பு மடிப்பாகத் தன்னைப் பிரித்தான். மறைத்து வைத்திருந்த துண்டு நூல்தான் முதலில் வெளியே விழுந்தது. காத்தாயி தொட்டாள். அவள் விரலில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

“அட, நம்ம வாசலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே. இதையா ஒளிச்சு வெச்சிருந்தே?”

ஊசியில் கோப்பது போல நுனியைக் கோத்து விறுவிறுவென்று இழுத்தாள். இரண்டு சுவரையும் தாண்டி முற்றத்தில் போய் விழுந்தான். அங்கே கத்தியோடு நின்ற நறுக்கன், அந்த முன்நூலில் பாதியை வெட்டி எறிந்தான்.

“ஏம்ப்பா, அதுதானே என் அடையாளம்?”

“அது வாசல் வரைக்கும்தான். மிச்சப் பாதி உள்ளறைக் கதவுக்கு.”

“நான் திரும்பிப் போகணும்னா?”

“அந்த வாசல் உள்பக்கமாத்தான் திறக்கும். இங்கேயே மடிஞ்சு உட்காராதே, ஓடு.”

செம்பன் நூலாகவே ஓடினான். மடிந்திருந்தபோது அறியாத வேகம் அது. உள்ளறைக் கதவு மிச்ச நூலைப் பற்றி அவனை இழுத்துக்கொண்டது. அங்கே இருந்த கத்தி அதையும் வெட்டியது. புகையின் நடுவே அவன் அவசரமாக மடிந்தான். இந்த முறை மடிப்புக்குள் ஒரு துளி செம்பு வந்து உட்கார்ந்தது. வெளியே மடிந்தபோது அந்த இடம் காலியாகவே கிடந்ததை அவன் கவனித்ததில்லை.

முதல் பொறியை வாங்கினான், கொடுத்தான். மறுபடி வாங்கினான், கொடுத்தான். கருகல் வாசனை அடங்கி, சர்க்கரை வாசனை எழுந்தது.

காத்தாயி வாசலுக்கு வெளியே தலையை நீட்டி, “கருமனைக்காரங்களே, இனிமே அனுப்புற ஆளுக்கெல்லாம் அந்த முன்நூலை வெச்சு அனுப்புங்க. வழியில மடிஞ்சுக்க வேணாம்னு சொல்லுங்க” என்று கூவினாள்.

பச்சை வீட்டுக்கென்று வெளியே பிறக்கிற புரதம் முன்நூலோடு பிறப்பதும், மடியாமல் வாசலுக்கு வருவதும், உள்ளே போனதும் அந்த நூலை விட்டுவிட்டுத் தன் வடிவம் எடுப்பதும் அந்த விடியலிலிருந்துதான்.