நீர்க்காகம் ஏன் சிறகை விரித்து நிற்கிறது?

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்தபோது, நாவலேரியில் மையாள் என்றொரு நீர்க்காகம் இருந்தாள். வாலடியில் ஊறும் எண்ணெயை அலகால் எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்வாள். இறகில் ஒரு துளி தண்ணீர் ஒட்டாது. விடிந்ததும் முங்கத் தொடங்கினால் பொழுது சாயும்வரை ஓயமாட்டாள். பசி அடங்கிய பிறகும் பிடித்துக் கரையில் போடுவாள். அவள் இனத்தார் எல்லோருமே அப்படித்தான்.

நான்கு கோடைக்குள் ஏரியில் மீன் அருகிவிட்டது. "உச்சிவெயிலில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது" என்று பறவைகள் கூடித் தீர்மானித்தன. மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள், தான் விட்ட மீனை அடுத்தவர் கொண்டுபோவாரே என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. தீர்மானம் காற்றோடு போயிற்று.

அடுத்த வாரம் கூழைக்கடா வெள்ளாயியின் குஞ்சுகள் இரண்டும் பசியில் செத்தன. அவள் மையாளைத் தேடி வந்தாள். கத்தவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை முங்குகிறாய்?"

"எண்ணியதில்லை, அக்கா. முங்க எனக்கென்ன கஷ்டம்?"

"உனக்குக் கஷ்டமில்லை. அந்தக் கஷ்டத்தை என் பிள்ளைகள்தான் பட்டன."

மையாள் தலைகுனிந்தாள். "நான் மட்டுமா பிடிக்கிறேன்?"

"நாங்கள் மேலே வருவதைப் பிடிக்கிறோம். சினைமீன் ஒளிந்திருக்கும் அடிவரைக்கும் உங்கள் இனம்தானே போகிறது?"

"இனிமேல் குறைத்துக்கொள்கிறேன்."

"போன வாரம் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம்."

மையாள் தன் கூட்டைப் பார்த்தாள். மூன்று குஞ்சுகள் வயிறு முட்டத் தூங்கிக்கொண்டிருந்தன. எதிர்க்கிளையில் வெள்ளாயியின் கூடு காலியாகக் கிடந்தது.

கரைக்கு இறங்கினாள். துணி வெளுக்கும் உவர்மண்ணை அள்ளி, எண்ணெய் ஊறும் இடத்திலும் இறகுகளிலும் வைத்துத் தேய்த்தாள். எரிந்தது. ஊற்று வற்றும்வரை விடவில்லை. பிறகு ஒருமுறை முங்கினாள். நனைந்து, கனத்து, நடுங்கியபடி மேலே வந்தவளால் பறக்க முடியவில்லை. ஒரு கட்டையில் ஏறி வெயிலில் காய்ந்தாள். காய்வதற்குள், இன்னொரு மீன் வேண்டுமா என்று யோசிக்க நேரமிருந்தது. வேண்டாமென்று கூட்டுக்குத் திரும்பினாள்.

பறவைகள் மறுபடி கூடின. இம்முறை யாரிடமும் மீன் பிடிக்காதே என்று சொல்லவில்லை. "அடிவரை முங்குகிறவர்கள் அந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டு முங்கட்டும்" என்றன. நீர்க்காகங்கள் முணுமுணுத்துக்கொண்டே தேய்த்துக்கொண்டன.

அடுத்த மழையில் சினைமீன்கள் பெருகின. வெள்ளாயி மறுபடி முட்டையிட்டாள்.

அன்றிலிருந்துதான் நீர்க்காகம் முங்கி எழுந்த ஒவ்வொரு முறையும் சிறகிரண்டையும் விரித்து, வெயிலுக்கு உரிய நேரத்தைக் கொடுத்துவிட்டே அடுத்த மீனை நினைக்கிறது.